கொட்டுவதற்கும் ஆள் வேண்டும்

துறைமுக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஊழியர் சங்கச் செயலாளர் கேட்டார். "புத்திமதி வேண்டாம், நடந்ததை எழுதுங்கோ" என்றும் சொன்னார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. புத்திமதி சொல்ல எனக்கு வராது. நடந்தது மட்டும் மறக்கவில்லை.

இன்று கப்பல் சுவரோடு வந்து அணைகிறது. பாரந்தூக்கி கையை நீட்டிச் சரக்கை எடுத்து லொறியில் வைக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கப்பல்கள் துறைமுகத்தின் நடுவிலே மிதவைகளில் கட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் பாரப்படகுகளைக் கொண்டுபோய் அவற்றின் விலாவில் ஒட்டி, மூட்டைகளை இறக்கி, இழுத்து வந்து, கரையில் மறுபடி தூக்கி, கிட்டங்கியில் அடுக்கி, அங்கிருந்து லொறிக்கும் ரயிலுக்கும் ஏற்றுவோம். ஒரு மூட்டை அரிசி ஒரு வீட்டுப் பானைக்குப் போய்ச் சேருமுன் எத்தனை தோள் மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தோள்களில் ஒன்று வராவிட்டாலும் எல்லாமே நின்றுவிடும். நீங்கள் படிக்கும் புத்தகங்களில் இதற்கு நல்ல நல்ல பெயர்கள் இருக்கின்றன. எங்களிடம் இருந்தது ஒரே சொல்: "இறுகிப் போச்சு."

கப்பலிலிருந்து சரக்கிறக்கிக் கரை சேர்க்கும் ஒரு கம்பெனியில் நான் கிளாக்கராக இருந்தேன். யுத்தம் எங்களுக்கு முதலில் பத்திரிகையில்தான் நடந்தது. பர்மா ஜப்பான்காரர் கையில் விழுந்ததும் அது சோற்றுக் கோப்பைக்கு வந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான். அரிசிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது, பாண் வாங்கப் பேக்கரியில் வரிசை வந்தது. பிறகு ஒரு ஞாயிறு காலை கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. விழுந்த குண்டைவிட அது கிளப்பிய பயம் பெரிது. மறுநாள் கோட்டை ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. ரயில் கிடைக்காதவர்கள் பாயும் பானையுமாக வத்தளைப் பக்கம் நடந்தார்கள். துறைமுகத்தில் கங்காணிமார் ஆள் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர் வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கிட்டுச் சேர்ந்து சாப்பிடும் சமறியாக இருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கந்தோரில் உத்தியோகம். குண்டு விழுந்த கிழமையே ஒருவர் பின் ஒருவராக லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். சமையல்காரரும் போனார். மிஞ்சியது நானும் சிவகுருவும்தான்.

சிவகுரு அரசாங்க வேலைக்காரன். இறக்குமதியாகும் உணவுப் பொருட்களைப் பார்த்து, இது மனிதர் தின்னத் தக்கது, இது தகாதது என்று சொல்லும் பரிசோதகர். அந்த வேலைக்கென்றே பிறந்தவன் போலிருப்பான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, துணியில் வடித்துத்தான் குடிப்பான். சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடிப்பதென்றால் கோப்பையைத் தன் கைலேஞ்சியால் ஒருதரம் துடைப்பான். நாங்கள் அவனைப் பகிடி பண்ணுவோம். அவனுக்குக் கோபம் வராது.

"நீ ஏன் ஊருக்குப் போகேல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனா அம்மா திரும்பி வர விடமாட்டா. இஞ்ச குண்டுக்குத்தான் பயம். அங்க அம்மாவுக்குப் பயம்" என்றான்.

அப்படி நாங்கள் இருவரும் பருப்பும் பாணும் சாப்பிட்டுக்கொண்டு, பாதி காலியாக ஓடிய கரையோர ரயிலில் காலையும் மாலையும் போய் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கப்பல் வந்தது.

இந்தியாவிலிருந்து வந்த அரிசிக் கப்பல். கிழமைக் கணக்காக நாங்கள் காத்திருந்தது. கொழும்புக் கடைகளுக்கும் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் போகவேண்டிய அரசாங்க அரிசி. துறைமுகம் யுத்தக் கப்பல்களால் நிறைந்திருந்தது. அதனால் கடற்படையினர் தவணை கொடுத்துவிட்டார்கள்: வெள்ளிக்கிழமை பொழுது படுமுன் இந்தக் கப்பல் வெளியேற வேண்டும். இறக்கியது இறங்கட்டும், இறக்காதது அதனோடேயே போகும்.

கப்பல் வந்தது திங்கள் காலை. எங்களிடம் இருந்ததோ வேலுக் கங்காணியின் ஒரு சிறு கூட்டம். வழக்கமாக ஒரு கப்பலின் ஒரு கீழறைக்கே போதாத ஆட்கள்.

எங்கள் மேலாளர் ஒரு பறங்கியர். இங்கிலீசும் சிங்களமும் கலந்து பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் "கெதியா"; சீக்கிரம் என்று அர்த்தம். அன்று அந்தச் சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் கீழறையின் மூடியைத் திறந்தோம். நல்ல அரிசி. இரண்டாவதைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. வழியில் கடல் கொந்தளித்தபோது மூடிக்குள்ளால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேல் வரிசை மூட்டைகள் நனைந்து, உப்பி, சூடேறத் தொடங்கியிருந்தன. நனைந்த அரிசி சும்மா இருக்காது. தானும் கெட்டு, அடுத்த மூட்டையையும் கெடுக்கும். கிட்டங்கியில் கொண்டுபோய் வைத்தால் அங்கேயுள்ள நல்ல அரிசியும் போய்விடும். கப்பலிலேயே விட்டால் அடியில் இருக்கும் காய்ந்த மூட்டைகள் போய்விடும்.

மேலாளர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நனைந்ததை எல்லாம் ஒரு படகில் ஏற்று. வெளியே இழுத்துப் போய்க் கடலில் கொட்டு. பிறகு மற்றதைப் பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அமைதியான காலமென்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இருந்த ஆட்களை நினைத்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. "சேர், கொட்டுவதற்கும் ஆள் வேண்டும்" என்றேன். "மூட்டையைத் தூக்கிப் படகில் வைக்கும் அதே கைகள்தான் அதைத் தூக்கிக் கடலில் போடவும் வேண்டும். இந்த ஆட்களைக் கொண்டு நனைந்ததைக் கொட்டி முடிக்கவே புதன்கிழமை ஆகிவிடும். பிறகு காய்ந்ததை எப்போது இறக்குவது?"

"அப்படியென்றால் ஆளைக் கொண்டு வா" என்றார்.

நான் வேலுக் கங்காணியிடம் போனேன். திடகாத்திரமான மனிதர்; சத்தம் போட்டுப் பேசிப் பழகியவர்; அன்று மெதுவாகப் பேசினார்.

"கங்காணி, ஒருத்தரும் வரமாட்டினமோ? குண்டுக்கு இவ்வளவு பயமோ?"

"குண்டுக்குப் பயந்தவன் ஊருக்குப் போயிட்டாங்கய்யா. இங்கன இன்னும் ஆளு இருக்கு. கொட்டாஞ்சேனையில இருக்கு, முகத்துவாரத்துல இருக்கு. அவன் பயப்படுறது வயித்துக்கு."

"விளங்கேல்லை."

"ஹார்பர் வாசல்ல இருந்த சாப்பாட்டுக் கடை எல்லாம் பூட்டிக் கெடக்கு. காலையில வெறும் வயித்தோட வந்து மூட்டை தூக்குறான். மத்தியானம் தின்ன ஒண்ணுமில்ல. மறுநாள் எப்படி வருவான்? இந்தா நிக்கிறாங்களே இவங்களும் நாளைக்கு வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்கய்யா."

இதை நான் யோசித்திருக்கவில்லை. கப்பலையும் படகையும் லொறியையும் யோசித்தேன். தூக்குகிறவன் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறான் என்பது என் கணக்கில் வரவில்லை. சரக்குப் போகும் வழியில் சோற்றுக் கடையும் ஒரு தரிப்பிடம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் சிவகுரு வந்தான். நனைந்த அரிசி என்று செய்தி போனதும் அவனுடைய கந்தோர் அவனைத்தான் அனுப்பியிருந்தது. நனைந்த மூட்டைகளில் ஒரு பகுதியை அதற்குள் ஒரு பாரப்படகில் இறக்கியிருந்தோம். அவன் வெள்ளைக் காற்சட்டையோடு அந்தப் படகில் இறங்கினான். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டான். எடுத்து மணந்து பார்த்தான். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. சிலவற்றை மணந்ததும் முகம் சுளித்தான். சிலவற்றை இன்னொருதரம் மணந்து பார்த்தான்.

"புளிச்சது கொஞ்சம்தான்" என்றான் கடைசியில். "மிச்சம் நனைஞ்சிருக்கு. இன்னும் பழுதாகேல்லை. நாளைக்கு இப்பிடி இருக்காது."

"அப்ப?"

"அப்ப என்ன? கடல் தண்ணி பட்ட தானியம். விதிப்படி ஆகாதெண்டு எழுதவேணும். கொட்டவேண்டியதுதான்."

அப்படிச் சொல்லிக்கொண்டே அவன் உள்ளங்கையில் கிடந்த ஒரு அரிசியை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கினான். அது அப்படியே மாவாக உதிர்ந்தது. பச்சையரிசி. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அரிசி ஊறப்போட்டு, ஊறிவிட்டதா என்று பார்க்க இப்படித்தான் நசுக்கிப் பார்ப்பார்கள். இருவர் வீட்டிலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

"மச்சான், இது இடிக்கிற பதம்" என்றேன்.

அவன் விரலில் ஒட்டிய மாவைத் தட்டினான்.

"மாவுக்கு எப்பிடியும் ஊறப்போடத்தானே வேணும். இது ஊறிக் கிடக்கு. உப்பைக் கழுவி, இண்டைக்கே இடிச்சு வறுத்தா, பிறகு பழுதாகாது. கொட்டாஞ்சேனையில ஒரு மனிசி ஹார்பர் கடையளுக்கு இடியப்பம் அவிச்சுக் குடுத்தவ. அரிசி இல்லாமல் இப்ப சும்மா இருக்கிறா. அவவின்ர இடியப்பம் வந்தா ஆக்கள் வருவினம். ஆக்கள் வந்தா காய்ஞ்ச அரிசி முழுக்க இறங்கும்."

"இது அரசாங்க அரிசி. கூப்பன் இல்லாமல் ஒரு கொத்துக்கூட வெளிய விடேலாது. உனக்குத் தெரியும்தானே?"

"கடலுக்கு விடலாமோ?"

"கடலுக்கு விடலாம். அதுக்கு விதி இருக்கு" என்றான். பகிடியாகச் சொல்லவில்லை.

கரைக்கு ஏறிவந்து எங்கள் கந்தோர்த் தொலைபேசியில் அவன் மேலிடத்துக்குக் கதைக்க முயன்றான். அவனுடைய பெரியவர் கொழும்பில் இல்லை. குண்டுக்குப் பிறகு பாதிக் கந்தோர் வெளியூருக்கு மாறியிருந்தது. அடுத்தவர் கூட்டத்தில். அதற்கடுத்தவர், "எழுத்திலே அனுப்புங்கள், நாளை மறுநாள் பதில் தருகிறோம்" என்றார். சிவகுரு தொலைபேசியை வைத்துவிட்டுக் கைலேஞ்சியை எடுத்துத் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அவன் அப்படித் துடைத்தால் யோசிக்கிறான் என்று அர்த்தம். நான் அவசரப்படுத்தவில்லை. ஒருவனை உந்தித் தள்ளி எடுக்க வைக்கிற முடிவில் பலமில்லை என்று அப்போதும் எனக்குத் தெரிந்திருந்தது.

"முதல் பிரிக்கவேணும்" என்று எழும்பினான். "புளிச்சது ஒரு பக்கம். அதைக் கொட்டு. மிச்சத்தில கொஞ்சம் அந்த மனிசியிட்டக் கொண்டு போவம். நான் பாத்துத்தான் சொல்லுவன்."

நான் மேலாளரிடம் போய் நாங்கள் செய்யப்போவதைச் சொன்னேன். மறைக்கவில்லை. "நாளை மத்தியானம் அந்த நனைந்த படகு என் கிட்டங்கிக்குப் பக்கத்தில் நின்றால் உனக்கு இங்கே வேலையில்லை. விளங்குகிறதா?" என்றார். "விளங்குகிறது, சேர்" என்றேன். பிறகு லொறியை எடுத்துப்போக அவரே அனுமதி தந்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பயமுறுத்துவார், ஆனால் வழியை மறிக்கமாட்டார்.

திரேசம்மா கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒரு ஒடுங்கிய தெருவில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் இடியப்ப வியாபாரத்தைத் தனியாளாகக் கட்டி எழுப்பியவர். அவருக்குக் கீழே அந்தத் தெருப் பெண்கள் பலர் வேலை செய்தார்கள். லொறியிலிருந்து இறங்கிய ஈர மூட்டைகளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன கிளாக்கர் ஐயா, கடல்ல போடுறதை என் தலையில போட வந்திருக்கீங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அரிசியைத் தொட்டார். நசுக்கினார். ஒன்றை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"அரிசி நல்ல அரிசிதான். உப்பு போறதுக்கு மூணு தண்ணியாவது கழுவணும். எங்க கெணத்துல அவ்வளவு தண்ணி கெடையாது. எங்க வூட்டு உரல் மட்டும் பத்தாது, தெருவுல இருக்கிற உரல் எல்லாம் வேணும். வறுக்க வெறகு வேணும். கொழும்புல இப்ப வெறகு எங்க இருக்கு?"

"கப்பலில மூட்டைகளுக்குக் கீழ விரிக்கிற பலகை உடைஞ்சது நிறையக் கிடக்கு. லொறியில அனுப்பிறன். தண்ணிக்கும் பீப்பாயில ஏற்பாடு செய்யிறன்."

"இடிக்கிற பொம்பளைங்களுக்கு?"

"அவையளுக்கும் அவையளின்ர பிள்ளையளுக்கும் இதிலயே சாப்பாடு."

அவர் தலையசைத்தார். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு. நாளைக்கு இதைத் தின்னுட்டு எவனாச்சும் வயித்தைப் புடிச்சிக்கிட்டு விழுந்தா, கம்பெனியை யாரும் கேக்க மாட்டாங்க. கவுர்மெண்டைக் கேக்க மாட்டாங்க. இந்தத் தெருவுக்கு வந்து திரேசம்மா எங்கன்னுதான் கேப்பாங்க. மொதல்ல யாரு சாப்பிடுறது? அதைச் சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் சிவகுரு சொன்னான்: "நான்."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். கைலேஞ்சியால் தேநீர்க் கோப்பை துடைக்கிற மனிதன்.

"நானும் சாப்பிடுறன்" என்றேன்.

"வேண்டாம். ரெண்டு பேரும் விழுந்தா நாளைக்குக் கப்பலைப் பாக்கிறது ஆர்? இது என்ர வேலை" என்றான்.

வேலை தொடங்கியது. ஊர் பாதி காலியாகிச் செத்துக் கிடந்த அந்தத் தெருவில் முதலில் ஒரு உலக்கைச் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்து முற்றத்தில் ஒன்று. பிறகு எதிர்ப்பக்கம். கொஞ்ச நேரத்தில் தெரு முழுவதும் இடித்தது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்களெல்லாம் வெளியே எட்டிப் பார்த்தார்கள். மாவு வறுபடும் வாசம் எழுந்தபோது யாரோ ஒரு பெண் சிரித்தது கேட்டது. அந்தக் கிழமைகளில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் ஈடு இடியப்பம் இறங்கியது. திரேசம்மா ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். சம்பல் வைக்கப் போனவரைச் சிவகுரு தடுத்தான். "வேண்டாம். தேங்காயும் மிளகாயும் போட்டா அரிசியின்ர குணம் தெரியாது" என்று வெறும் இடியப்பத்தைப் பிய்த்துச் சாப்பிட்டான். மெதுவாக, ஒன்றையும் மிச்சம் வைக்காமல். தெருவே நின்று பார்த்தது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"உப்புக் கொஞ்சம் கூட" என்றான். "இன்னும் ஒரு தண்ணி கழுவச் சொல்லு."

பிறகு அவன் அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டான். திரேசம்மாவின் உத்தரவு அப்படி. இடிப்பதும் வறுப்பதும் நடக்கலாம்; மறுநாள் காலை வரை ஒருவர் வாயிலும் வைக்கக்கூடாது. பொழுது படும்வரை அவன் வயிற்றையும் முகத்தையும் பார்த்தபடியே பெண்கள் இடித்தார்கள். அவன் ஒருமுறை இருமியதற்கே உலக்கைகள் நின்றுவிட்டன. "தொண்டையில மாத் தூள் போயிட்டுது, ஒண்டுமில்லை" என்று அவன் கையைக் காட்டிய பிறகுதான் மறுபடி இடித்தார்கள்.

மறுநாள் விடிந்து நான் எழும்பியபோது அவன் சமறிக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "ஒண்டும் செய்யேல்லை. நல்லாப் பசிக்குது" என்றான். இருவரும் முதல் ரயிலைப் பிடித்தோம். அவன் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரேசம்மாவின் முன் நின்றான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, அவிங்கடி" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அன்று மத்தியானத்துக்கு முன்பே லொறி நிறையப் பனையோலைக் கடகங்களில் இடியப்பமும் சம்பலும் துறைமுகத்துக்கு வந்தன. வேலுக் கங்காணி ஒரு கடகத்தைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, தன் ஆட்களில் ஒருவனைக் கொட்டாஞ்சேனைக்கும் இன்னொருவனை முகத்துவாரத்துக்கும் ஓட விட்டார். பின்னேரம் இன்னொரு கூட்டம் வந்தது. புதன்கிழமை காலை வாசலில் நின்றவர்களைக் கண்டு மேலாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். களனி ஆற்றைக் கடந்து வத்தளையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நடுவில் ஒருமுறை அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். அன்று குண்டு விழவில்லை. சங்கு ஓய்ந்ததும் ஓடியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். முன்பென்றால் பாதிப்பேர் வந்திருக்கமாட்டார்கள்.

நனைந்த மூட்டைகளில் புளித்தவற்றைக் கொட்டினோம். மற்றவை மாவாயின. வெள்ளிக்கிழமை வெயில் சாயும்போது கப்பலின் கீழறைகள் வெறுமையாக இருந்தன. காய்ந்த அரிசி கிட்டங்கியிலும், மலைநாட்டுக்குப் போகும் சரக்கு ரயிலிலும் இருந்தது. கப்பல் வெளியேறியபோது மேலாளர் என் பக்கம் திரும்பி, "கெதியா" என்றார். தமிழில் பாராட்டுவதற்கு அவரிடம் வேறு சொல் இல்லை.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இது இங்கே முடியவில்லை.

இரண்டொரு கிழமைக்குப் பிறகு விசாரணை வந்தது. அரசாங்க அரிசியை, கூப்பன் இல்லாமல், ஒரு தனியார் கம்பெனியின் கூலியாட்களுக்கு உணவாகக் கொடுக்க ஒரு பரிசோதகருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சிவகுரு எதையும் மறைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டேன், பதில் கிடைக்கவில்லை, அரிசி காத்திருக்காது, ஆகவே முடிவு செய்தேன் என்றான். நானும் போய், யோசனை என்னுடையது என்று சொன்னேன். மேலாளரும் வந்து, அந்த யோசனை இல்லாவிட்டால் பாதி அரிசி கப்பலோடு திரும்பியிருக்கும் என்று சாட்சி சொன்னார்.

விசாரித்தவர் கெட்ட மனிதரல்ல. பொறுமையாகக் கேட்டார். பிறகு சிவகுருவிடம், "யாராவது செத்திருந்தால்?" என்றார்.

"அதற்காகத்தான் நான் முதலில் சாப்பிட்டேன்."

"நீர் சரியாகப் பார்த்தீர். நான் மறுக்கவில்லை. நாளை இன்னொரு பரிசோதகர் உம்மைப் பார்த்து இதையே செய்வார். அவர் பிழையாகப் பார்த்தால்?"

சிவகுரு கைலேஞ்சியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அந்தக் கேள்வி இன்று வரை என்னோடு இருக்கிறது. விதி என்பது கெட்டிக்காரனை மனதில் வைத்து எழுதப்படுவதல்ல என்பதை அந்த அறையில்தான் படித்தேன்.

அவனை வன்னிப் பக்கம் ஒரு சிறிய களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். காடும் காய்ச்சலும் உள்ள இடம். தண்டனை என்று எழுதவில்லை; 'சேவையின் தேவை கருதி' என்று எழுதியிருந்தார்கள். அதே மாதம் எங்கள் கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கப்பலைத் தவணைக்குள் இறக்கியதற்காக. ஒரே அரிசி, ஒரே நாள், ஒரே லொறியில் போன இரண்டு பேர். ஒருவன் மேலே போனான், ஒருவன் காட்டுக்குப் போனான்.

பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்ல நினைத்து மேலாளரிடம் போனேன். "நீ வேண்டாம் என்றால் அவனை இங்கே திருப்பி அனுப்புவார்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்படியென்றால் போய் வேலையைப் பார்" என்றார்.

சிவகுரு புறப்பட்ட அன்று அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்துக்குப் போனேன். திரேசம்மாவும் வந்திருந்தார். வழிக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தார். "இதுல சம்பலும் வச்சிருக்கேன், சேர். இந்தத் தடவை வேணாம்னு சொல்லாதீங்க" என்றார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ரயில் புறப்படச் சற்று முன் நான் சொன்னேன்: "மச்சான், என்னாலதான் உனக்கு இது."

அவன் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எனக்கு ஏதோ காது கேட்காததுபோல் நிதானமாகச் சொன்னான். "உன்னாலயோ? நீ அரிசியைக் காட்டினாய், அவ்வளவுதான். வாயில வைச்சது நான். என்ர முடிவை உன்ர கணக்கில போட்டுக்கொள்ளாதை."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. ஆறுதலுக்காகவும் சொல்லவில்லை. தன்னுடைய ஒரு பொருளை நான் தவறுதலாக எடுத்து வைத்திருந்ததுபோல, அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அங்கே அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு முறை. மெலிந்து, மஞ்சள் பூத்து, யுத்தம் முடியும் தறுவாயில்தான் கொழும்புக்குத் திரும்பினான். வேலையை விடவில்லை; ஓய்வு பெறும்வரை பரிசோதகராகவே இருந்தான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை மேலிடத்துக்குக் காத்திராமல் முடிவெடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

நீங்கள் இந்த வேலையில் இருக்கப்போகும் காலத்தில் கப்பல் மாறும், யந்திரம் மாறும். பதில் வராத தொலைபேசியும், நாளைவரை தாங்காத சரக்கும் மாறமாட்டா. அந்த நேரத்தில் துணிந்து முடிவெடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் துணியும்போது அநேகமாக இன்னொருவருடைய சம்மதம் வேண்டியிருக்கும். அதைக் கேட்கப் போகுமுன், இது பிழைத்தால் மட்டுமல்ல, சரிவந்தால்கூட அந்த மனிதரை எந்த ஊருக்கு ரயில் ஏற்றுவார்கள் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். நினைத்த பிறகும் கேட்கத்தான் வேண்டுமென்றால் கேளுங்கள். கேட்டுவிட்டீர்களென்றால், அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்குமாவது கூடப் போங்கள்.